உங்கள் கணக்கை மகள் ஏன் போடுகிறாள்?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 51. போன சீசனிலிருந்து பேரேட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கூகுள் ஷீட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். எடைமேடைப் பையன், கொள்முதல் பார்ப்பவர், ஓசூரில் இருக்கும் மேனேஜர் எல்லாரும் ஒரே ஷீட்டில் கை வைக்கிறார்கள். முன்பு எது கேட்பதானாலும் என் மேசைக்குத்தான் வருவார்கள். இப்போது யாரும் வருவதில்லை. இரண்டு முறை கணக்கு கலைந்து பழி என்மேல் விழுந்தது. சாயங்காலம் எடைச் சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போனால், பிளஸ் டூ படிக்கும் மகள் ஏற்றிவிடுகிறாள், வேலை ஓடுகிறது. ஆனால் மரியாதை போய்விட்டதே, என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: மேசைக்கு ஆள் வராதது அவமரியாதை இல்லை. எந்த லாரி எத்தனை டன் இறக்கியது என்று ஓசூரில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிறவர் உங்களிடம் எதற்கு வர வேண்டும்? அதை விடுங்கள்.

"மகள் ஏற்றிவிடுகிறாள்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வாருங்கள். மாங்காய் வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூனில்தான் பிளஸ் டூ வகுப்பு தொடங்குகிறது, மார்ச்சில் பொதுத்தேர்வு. பாடப் புத்தகம் விரிக்க வேண்டிய நேரத்தில் அந்தப் பெண் உங்கள் எடைச் சீட்டுகளை விரித்து வைத்திருக்கிறாள். சம்பளம் உங்களுக்கு, உழைப்பு அவளுக்கா? பிள்ளைகள் வீட்டு வேலையில் கூடமாட இருக்கட்டும், அது வேண்டியதுதான். அப்பாவின் உத்தியோகத்தைச் சுமப்பது அதில் சேராது. பெற்றவர் செய்யக் கூடாத காரியம் இது.

அவள் லாரியையும் பார்க்கவில்லை, லோடையும் பார்க்கவில்லை. சீட்டில் ஒன்றா ஏழா என்று தெரியாவிட்டால் ஊகித்துத்தான் அடிப்பாள். ஏறுவது உங்கள் லாகினில். கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பார்த்தால் உங்கள் பெயரும் ராத்திரி நேரமும்தான் வரும். பழி வேறு யார்மேல் விழும்? பகலில் இறங்கிய பெங்களூரா ரக மாங்காய் லோடு ராத்திரிவரை கணக்கிலேயே இல்லையென்றால், காய் போட்ட விவசாயிக்கும் பணம் தள்ளித்தான் போகும்.

கணக்கு கலைவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். யாரோ எடை இருக்கும் வரிசையை மட்டும் மேலிருந்து கீழாகத் தேர்ந்தெடுத்து, ஏறுவரிசையில் அடுக்கும் 'சார்ட் ரேஞ்ச்' கொடுத்திருப்பார்கள். எடைகள் இடம் மாறும், லாரி எண்கள் அப்படியே நிற்கும். ஒருவர் லோடு இன்னொருவர் பெயருக்கு நேரே போய்விடும். கண்ட்ரோல் இசட் உதவாது. அது அவரவர் செய்ததை மட்டும்தான் திருப்பும். ஃபைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி'யைத் திறந்து, கலைவதற்கு முந்தைய நேரத்தைத் தேடுங்கள். அவசரப்பட்டு 'ரீஸ்டோர்' கொடுத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு மற்றவர்கள் ஏற்றியதும் சேர்ந்து போய்விடும். அந்தப் பழைய பதிப்பை நகலெடுத்து, எடை வரிசையில் அதுவரை ஏறியிருந்த எடைகளை மட்டும் அதிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். வரிசைப்படுத்திப் பார்க்க விரும்புகிறவர்கள் 'ஃபில்டர் வியூ' போட்டுக்கொள்ளட்டும். அது அவர்கள் திரையில் மட்டும் மாறும். மொத்த எடையிலிருந்து காலி லாரி எடையைக் கழிக்கும் சூத்திரம் உள்ள கட்டங்களை டேட்டா மெனுவில் 'ப்ரொடெக்ட்' செய்து, உங்களையும் ஷீட்டின் உரிமையாளரையும் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி வையுங்கள்.

கூட்டல் குறைந்து வந்தால், யாராவது '14.5 டன்' என்று அடித்திருக்கிறார்களா பாருங்கள். எண்ணோடு டன் சேர்ந்தால் அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது. தேதி புரண்டு 6/7 என்பது ஜூன் 7 ஆகிவிட்டால், ஃபைல் மெனுவில் 'செட்டிங்ஸ்' போய் 'லொக்கேல்' என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றிவிட்டு, புரண்ட தேதிகளைக் கையால் திருத்த வேண்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள 51 ஒரு வயதே இல்லை. பேரேட்டில் தப்பு கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு ஷீட்டிலும் அது தெரியும், எடைமேடைப் பையனுக்குத்தான் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொல்லட்டும், மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து லாரி எடைமேடையை விட்டு இறங்கியதுமே அந்த வரியை ஆலையிலேயே நீங்கள் ஏற்றுங்கள். சீட்டு ஒன்றுகூட வீட்டுக்கு வரக் கூடாது. பாஸ்வேர்டை ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே மாற்றிவிடுங்கள். புதியதை அவளிடம் சொல்லாதீர்கள்.