ரெசின் ஏன் பாண் போல நுரைக்கிறது?

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: 1:24 அளவில் (அசலின் 24இல் ஒரு பங்கு) லேலண்ட் பஸ் மாதிரியுரு செய்கிறேன். கையால் செய்த சக்கரத்துக்குச் சிலிக்கன் அச்சு எடுத்து, பொலியூரித்தேன் ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பிளாஸ்டிக்) ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் நுரைத்துப் பொங்குகிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே பாண் மாதிரி ஓட்டை. எங்கே பிழை?

கொழும்புக் காற்றின் ஈரம்தான் காரணம். பொலியூரித்தேனின் இரண்டு போத்தல்களில் ஒன்றில் ஐசோசயனேட் இருக்கிறது. அது தண்ணீரோடு சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வெளிவரும். அந்த வாயுதான் உங்கள் ஓட்டைகள். கலக்க எடுக்கும் கடதாசிக் கப், ஐஸ்கிரீம் குச்சி இரண்டிலும் ஈரம் ஒளிந்திருக்கும். பிளாஸ்டிக் கப்பும் இரும்புக் கரண்டிக் காம்பும் எடுங்கள். அச்சை முதல் நாள் இரவே சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தேவையானதை ஊற்றிய கையோடு போத்தலை மூடுங்கள். ஐசோசயனேட் போத்தலில் பாலாடை போல ஏடு படிந்திருந்தால் அது ஈரம் பட்டுவிட்டது, பயன்படுத்த வேண்டாம்.

இத்தனை பாடும் பட்டாலும் மே, ஒக்டோபர் மழையில் பொலியூரித்தேன் கைவிடக்கூடும். ஏசி அறையில் ஈரம் குறைவு, ஆனால் மூடிய அறையில் ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. ஆகவே வீட்டில் செய்பவருக்கு எங்கள் சிபாரிசு, மெதுவாக இறுகும் எபொக்சி என்ற வேறு வகை ரெசின். அது இப்படிப் பொங்காது. கலவை விகிதம் நிறைக்கா கனவளவுக்கா என்று லேபிளில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. உங்கள் சக்கரம் சுமார் 42 மி.மீ. விட்டம், 12 மி.மீ. தடிப்பு என்றால் 20 கிராம் கலவை தாராளம். இவ்வளவு சிறிய கலவையில் சமையலறைத் தராசின் 1 கிராம் பிழையே ரெசினைப் பிசுபிசுக்க வைக்கும். 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள்.

சக்கரத்தின் நட்டு (nut) முனைகளில் குமிழி நிற்பது வேறு விஷயம். காய்ந்த அச்சில் டல்கம் பவுடரைத் தூவி, தட்டி உதறிவிட்டு ஊற்றுங்கள். ரெசின் மூலைக்குள் தானாகப் பரவும். ஊற்றியபின் நட்டுக் குழிகளைப் பல்குத்தியால் ஒருமுறை கிளறுங்கள்.

எபொக்சி இறுக ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். ஒரே அச்சென்றால் ஆறு சக்கரத்துக்கு ஆறு நாள். அதனால் இன்னும் இரண்டு அச்சு செய்துகொள்ளுங்கள். 60 × 60 × 25 மி.மீ. பெட்டிக்கு 90 மி.லீ.; சக்கரம் 16 மி.லீ. இடம் பிடிக்கும், மீதிக்கு 100 கிராம் சிலிக்கன் போதும். பிளாட்டினம் வகைச் சிலிக்கன் (பிளாட்டினம் ஊக்கியால் இறுகுவது) என்றால் பெட்டி இடுக்குகளைக் கந்தகம் கலந்த களியால் அடைக்காதீர்கள். களி தொட்ட இடத்தில் சிலிக்கன் இறுகவே இறுகாது.

எபொக்சிக்கும் நைட்ரைல் கையுறை அவசியம். மினுக்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசு எழாது.