பாளையங்கோட்டைக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிளஸ் டூ முடித்த மகளை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக் கல்லூரிகளைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பு நடக்கும் நாளில், அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற்றுப் போங்கள். காலியான கட்டடம் எதையும் சொல்லாது.

1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரி போன்ற பழைய வளாகங்களின் மரநிழலில் மனம் மயங்கிவிடும். நிழலை ரசியுங்கள், ஆனால் நேராக நூலகத்துக்குப் போங்கள். மகளின் பாடத்தில் நான்கைந்து புத்தகங்களை எடுத்து, கடைசிப் பக்கத் தேதிச்சீட்டைப் பாருங்கள். சென்ற மாத முத்திரை இருந்தால் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் மேசை மேல் அமிலக் கறை இருக்கிறதா? இருந்தால் நல்லது. என் மகனுக்காகப் பார்த்த ஒரு கல்லூரியில் பியூரெட் என்னும் அளவுக் குழாய்களின் மேல் தூசி படிந்திருந்தது, அன்றே திரும்பிவிட்டோம்.

கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்று கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுக்கும். மற்றவை அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும். விடுதி, கட்டண விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, காரில் போகாமல் மகள் தினமும் ஏறப்போகும் பஸ்ஸிலேயே போய் வாருங்கள். மாணவிகளிடம் அவளே பேசட்டும். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.