இரண்டு சதவீதத்துக்கு இருபத்தைந்து டாலர்

அன்புள்ள சார்,

பதினாறு வருடமாக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. ஜனநாயகக் கட்சியின் அடுத்த அதிபர் வேட்பாளர் யார் என்று இப்போதே கருத்துக்கணிப்பு மாற்றிக் கருத்துக்கணிப்பு வந்துகொண்டிருக்கிறது. எனக்குப் பிடித்த ஆளுநர் ஒருவருக்கு அதில் 2 சதவீதம்தான். அவருடைய குழுவுக்கு 25 டாலர் அனுப்பலாம் என்றேன். "தண்டம். முதல் மூன்று இடத்தில் இருக்கிறவர்களில் ஒருத்தருக்கு அனுப்பு" என்கிறார் கணவர். பைடன் ஆரம்பத்திலிருந்தே முன்னால் இருந்தார், கடைசியில் அவரேதானே வேட்பாளர் ஆனார் என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கணிப்புகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஆர்., எடிசன்

அன்புள்ள ஆர்.,

தாராளமாக அனுப்புங்கள்.

2007 இறுதியில் வேலை விஷயமாக, வேட்பாளர் தேர்வு அப்போது முதலில் தொடங்கிய மாநிலமான அயோவாவில், டெ மொய்ன் நகரில் இருந்தேன். அந்த அக்டோபரில் நாடு முழுக்க எடுத்த கணிப்புகளில் ஹிலாரி கிளின்டன் ஒபாமாவைவிட 20 புள்ளிகளுக்கு மேல் முன்னால் இருந்தார். குடியரசுக் கட்சியில் ரூடி ஜூலியானி. தொலைக்காட்சியில் இந்த இருவரும்தான் மோதுவார்கள் என்பதுபோலவே பேசினார்கள். என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். யாருக்கு உங்கள் ஆதரவு என்று டிசம்பரில் கேட்டபோதும், "இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றார். நேரில் பார்ப்பதைத்தான் சொன்னார். ஊர் நூலகத்துக்கோ உணவகத்துக்கோ வேட்பாளர் வருவார்; இவர் எழுந்து நின்று கேள்வி கேட்பார்.

2008 ஜனவரி 3 இரவு அவரோடு ஜனநாயகக் கட்சியின் காகஸை, அதாவது ஊர்க்காரர்கள் கூடி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை, பார்க்கப் போனேன். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம். ஒவ்வொரு வேட்பாளரின் ஆதரவாளர்களும் ஒவ்வொரு மூலையில் போய் நின்றார்கள், தலை எண்ணினார்கள். 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம். அவர் முதலில் நின்ற கூட்டம் தேறவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு ஒபாமா பக்கம் நடந்தார். மாநில அளவில் ஒபாமாவுக்கு 38 சதவீதம் அளவில் வந்தது; கிளின்டன் மூன்றாமிடம். ஜூலியானி அந்த மாதக் கடைசியில் ஃபுளோரிடாவில் மூன்றாவதாக வந்து மறுநாளே விலகினார். அக்கட்சியின் வேட்பாளரானவர் ஜான் மெக்கெய்ன். 2007 கோடையில் கையில் காசு இல்லாமல் அவருடைய பிரசாரம் ஏறக்குறைய படுத்தேவிட்டிருந்தது.

அக்டோபர் கணிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. இன்று தேர்தல் நடந்தால் யாருக்கு ஓட்டு என்று கேட்டார்கள். வாயில் வந்த பெயரைச் சொன்னார்கள். ஆனால் அன்று தேர்தல் இல்லை. யோசித்துவைக்க அவசியமும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் கேட்டுப் பழகிய பெயர்தான் முதலில் வரும். 1976-ல் வேட்பாளராகி அதிபருமான ஜிம்மி கார்ட்டரை அதற்கு முந்தைய ஆண்டு ஜார்ஜியாவுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது.

அதனால் ஒருவர் வாங்கிய சதவீதத்தோடு, அவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல கணிப்புகளில் இதற்குத் தனிக் கேள்வி இருக்கும். பத்தில் ஒன்பது பேருக்குத் தெரிந்தவர் 20 சதவீதம் வாங்கினால், அவரை நன்றாகத் தெரிந்தும் வேறு ஆளைத் தேடுகிறார்கள் என்று அர்த்தம். பத்தில் மூன்று பேருக்கே தெரிந்தவர் 8 சதவீதம் வாங்கினால் அது பெரிய விஷயம். எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் பாதிக்கு மேல் வாங்கி மாதக்கணக்கில் இறங்காமல் நின்றால் மட்டும் நானும் நம்புவேன். 2023-ல் டிரம்ப் அப்படித்தான் இருந்தார். அவரை எதிர்த்து நின்ற டிசாண்டிஸ் அயோவாவோடு நின்றுவிட்டார்.

உங்கள் கணவர் சொல்லும் பைடன் கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். 2019 முழுக்க அவர்தான் பெரும்பாலும் முன்னால் இருந்தார். ஓட்டுப் போடத் தொடங்கியதும் அயோவாவில் நான்காமிடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாமிடம். நாடு தழுவிய கணிப்புகளிலும் போட்டியாளர் சாண்டர்ஸ் அவரைத் தாண்டினார். பைடனைத் தூக்கி நிறுத்தியது தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களும் அந்த மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் தந்த ஆதரவும். அதே போட்டியில் கமலா ஹாரிஸ் ஜூன் மாத மயாமி விவாதத்துக்குப் பிறகு சடசடவென்று ஏறினார். டிசம்பர் 3 அன்று, ஒரு ஓட்டுகூடப் பதிவாகும் முன்பே, பணமில்லாமல் விலகினார். ஏறியதும் இறங்கியதும் கணிப்பில் மட்டுமே நடந்தது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். இந்தக் கணிப்புகள் வாசலில் நின்று ஆளைத் தடுக்கின்றன. ஆயிரம் பேரிடம் கேட்டால் ஒரு கட்சியின் பிரைமரியில் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில்) ஓட்டுப் போடக்கூடியவர்கள் சுமார் 400 பேர் தேறுவார்கள். அதில் பிழை எல்லை இரு பக்கமும் 5 புள்ளி அளவுக்கு இருக்கும். உங்கள் ஆளுநரின் 2 சதவீதம் என்பது எட்டுப் பேர். நான்கு பேர் அன்றைக்குத் தொலைபேசியை எடுக்காவிட்டால் அவர் 1 சதவீதம். இதை வைத்து வேட்பாளர் விவாதத்தில் யார் மேடையேறலாம் என்று முடிவு செய்கிறார்கள். 2015 ஆகஸ்டில் கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சியின் முதல் விவாதம். பதினேழு பேரில், கணிப்புச் சராசரியில் முதல் பத்துப் பேருக்குத்தான் பிரதான மேடை. பதினோராவது ஆள் ரிக் பெர்ரி, டெக்சஸை நீண்டகாலம் ஆண்ட ஆளுநர். அடுத்த மாதமே விலகினார். 2019-ல் ஜனநாயகக் கட்சி முதல் விவாதத்துக்கு மூன்று கணிப்புகளில் 1 சதவீதம் அல்லது 65,000 நன்கொடையாளர் என்று விதித்தது. மொன்டானா ஆளுநர் ஸ்டீவ் புல்லக்கின் கணிப்புகளில் ஒன்றைக் கட்சி ஏற்க மறுத்தது. பெயர்ப் பட்டியலை வாசிக்காமல், உங்கள் மனதில் யார் என்று திறந்த கேள்வியாகக் கேட்ட கணிப்பு அது. யாரும் எடுத்துக்கொடுக்காமல் ஒருவர் தானாகச் சொன்ன பெயர் செல்லாது. பட்டியலில் கேட்டுச் சொன்ன பெயர் செல்லும். என்னால் இதை இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கணிப்பு எடுக்கிறவர்களுக்கே இது உறுத்தியது. மாரிஸ்ட் நிறுவனம் 2015-ல் அந்த விவாதத்துக்கு முன் தன் பிரைமரி கணிப்பை நிறுத்திவைத்தது. யார் முந்துகிறார் என்று கேட்கும் பிரைமரி கணிப்பே இந்த முறை வேண்டாம் என்று காலப் நிறுவனமும் அதே ஆண்டு ஒதுங்கியது.

உங்கள் மாநிலத்தின் நிலைமையும் இதில் சேர்கிறது. நியூ ஜெர்சி பிரைமரி வழக்கமாக ஜூனில் வரும். 2024-ல் ஜூன் 4. பைடனும் டிரம்பும் வேட்பாளராகத் தேவையான கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளை மார்ச் 12 அன்றே சேர்த்துவிட்டார்கள். உங்கள் முறை வரும்போது வாக்குச்சீட்டில் உங்கள் ஆளுநரின் பெயர் இருந்தாலும் அவர் விலகியிருக்கலாம். அவருக்கு உங்களால் உதவ முடிகிற காலம் இப்போதுதான்.

அடுத்த கணிப்பு வந்ததும் அவரைக் "கேள்விப்பட்டதில்லை" என்றவர்கள் எத்தனை சதவீதம் என்று பார்த்து எழுதுங்கள். கணவரிடமும் காட்டுங்கள்.