கிலிங்கும் வங்காளியும்

கேள்வி: விளையாட்டுத் திடலில் ஒரு பையன் 'கிலிங்' என்று கூப்பிட்டான் என்று பேரன் அழுதுகொண்டே வந்தான். கைதிகளின் கால்விலங்குச் சத்தத்திலிருந்து வந்த பேர் அது என்கிறார் என் அண்ணன். எங்கள் புளோக்கில் இருக்கும், தலைப்பாகை கட்டிய வங்காளிப் பெரியவரோ, "அது பழைய பேர்தானே, கோபப்பட என்ன இருக்கிறது?" என்கிறார். யார் சொல்வது சரி?
- தோ பாயோ வாசகி

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கேள்வியிலும் ஒரு தப்பு இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

'கிலிங்' என்பது நம்மைப் போன்ற தென்னிந்தியரை மலாய்க்காரர்கள் கூப்பிட்ட பழைய பெயர். முதலில் அண்ணன் சொல்வதைப் பார்ப்போம். இந்தியக் கைதிகள் சுமத்ராவிலுள்ள பென்கூலனிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டது 1825ல். ஆனால் 1613லேயே எரெடியா என்பவர் வரைந்த மலாக்கா வரைபடத்தில் கிலிங் கம்பம், அதாவது கிலிங்கர் குடியிருப்பு, இருக்கிறது. விலங்கு வருவதற்கு இருநூறு வருஷம் முன்பே சத்தம் கேட்டுவிட்டதா?

பெயர் வந்தது கலிங்க நாட்டிலிருந்து என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். 'செஜாரா மெலாயு' என்ற பழைய மலாய் வரலாற்று நூலில் ஒரு கதை வருகிறது. மலாக்கா சுல்தான், ஹாங் நாடிம் என்பவரைக் கிலிங் நாட்டுக்குத் துணி வாங்க அனுப்புகிறார். அங்குள்ளவர்கள் எழுதிக் காட்டிய பூவேலை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் தூரிகையை வாங்கித் தானே வரைந்து காட்டுகிறார். சங்கத் தமிழில் 'கலிங்கம்' என்றாலே துணிதான். மலாய்க்காரர்கள் அந்த நாட்டின் பெயரை ஆளுக்கு வைத்தார்கள், நாம் ஆடைக்கு வைத்தோம். கலிங்கத்தை வென்றதற்குப் பரணி பாடிய கூட்டத்துக்கே கலிங்கத்தான் என்று பெயர் விழுந்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஆக, பிறப்பில் அது வசையில்லை. அதற்காகப் பெரியவர் சொல்வதுபோல் விட்டுவிட முடியாது. இங்கே சிங்கப்பூரில் கிலிங் ஸ்ட்ரீட் என்றே ஒரு தெரு இருந்தது. அந்தச் சொல்லில் ஏளனம் ஏறிவிட்டதால்தான் 1920களின் தொடக்கத்தில் அது சூலியா ஸ்ட்ரீட் ஆனது. நம்முடைய 'அண்ணே'தான், மற்றவர்கள் நம்மைக் கூப்பிடும் 'அநே' ஆனது என்பார்கள். மரியாதையாகப் பிறந்த சொல், இன்று அப்படிக் கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்போம்? சின்ன மளிகைக் கடையைச் சொல்லும் 'மாமா கடை' மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. பேரன் அழுதது அந்தப் பையன் கூப்பிட்ட தொனிக்காக. அவனிடம் போய்க் கலிங்க வரலாறு சொல்லாதீர்கள். அந்தப் பையனின் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

நாமும் பேர் வைப்பதில் சளைத்தவர்கள் இல்லை. பிராங்க் என்ற ஐரோப்பியக் கூட்டத்தின் பெயர் அரபு, பாரசீகம் வழியாக நம்மிடம் வந்து, போர்ச்சுக்கீசியர் தலையில் 'பரங்கி'யாக விழுந்து, கடைசியில் காய்கறிக் கூடை வரை போய்விட்டது.

இனி உங்கள் 'வங்காளி'. தலைப்பாகை கட்டிய அந்தப் பெரியவர் சீக்கியராகத்தான் இருப்பார். 1881ல் சீக்கியப் போலீஸ் படை இங்கே வந்தது. பின்னாலேயே ஜாகா என்ற காவல் வேலைக்கும் பலர் வந்தார்கள். பஞ்சாபிலிருந்து ரயிலேறி கல்கத்தாவில் கப்பல் பிடித்தார்கள். ஏறிய துறைமுகத்தைப் பார்த்து மலாய்க்காரர்கள் 'பெங்காலி' என்றார்கள், நாம் அதையே தமிழாக்கிக்கொண்டோம். எந்தக் கரையிலிருந்து வந்தாலும் நாம் கிலிங் ஆனது போலத்தான் இதுவும்.

அடுத்த முறை லிஃப்டில் பார்த்தால் சொந்த ஊர் எது என்று அவரைக் கேளுங்கள். லூதியானா என்பார், இல்லை தோ பாயோ என்பார். வங்காளம் என்று சொல்லமாட்டார்.