ஹோட்டல் சமையலறை அசுத்தமாக இருந்தால் அதிகாரி வந்த அன்றே சீல் வைத்துவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட்டில்தான்) படிப்படியாகத்தான் போகச் சொல்கிறது. முதலில், பிரிவு 32-ன்கீழ் மேம்பாட்டு நோட்டீஸ். குறைகளைச் சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம். அதற்கும் மசியவில்லை என்றால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். உடனே மூட வேண்டுமானால் மக்கள் உடல்நலத்துக்கு அபாயம் என்று காட்ட வேண்டும். அது பிரிவு 34. சுகாதாரமற்ற சூழலில் சமைத்தால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், பிரிவு 56.

சோதனையில் எனக்குப் பிடித்த இடம் எண்ணெய்ச் சட்டிதான். பஜ்ஜி பொரித்துக்கொண்டிருக்கும் சட்டிக்குள் தெர்மாமீட்டர் மாதிரி ஒரு மீட்டரை முக்குவார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்களின் அளவைத் திரையில் சதவீதமாகக் காட்டும். 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெய் உணவுக்கு ஆகாது. 'நேத்துதான் சார் மாத்தினோம்' என்ற பதில் அங்கே எடுபடாது.

நீங்கள் புகார் கொடுப்பதாக இருந்தால் பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். அதில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அதையும் சேர்த்தே எழுதுங்கள்.