பொறியில் ஈக்கள் கூடியதற்குப் பயப்பட வேண்டாம்

மலட்டு ஆண் ஈக்களைத் தோட்டத்தில் விட்ட பிறகு பொறியில் மத்தியதரைக் கடல் பழ ஈக்கள் மும்மடங்காகிவிட்டன, மருந்து அடிக்கலாமா, அவையும் பழத்தைக் குத்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். மருந்து அடித்தால், இயல்பான பெண் ஈக்களோடு இணைசேர்ந்து அவற்றின் முட்டைகள் பொரியாமல் செய்ய உங்களுக்காக வந்த மலட்டு ஆண்களும் சேர்ந்தே சாகும்.

விடப்படும் ஈக்களைக் கூட்டுப்புழுப் பருவத்திலேயே ஒளிரும் சாயப்பொடியில் புரட்டியெடுப்பார்கள். கூட்டை உடைத்து வெளியேற ஈ தன் நெற்றியில் ஒரு பையை ஊதித் தள்ளும். அது மறுபடி உள்ளே மடங்கும்போது பொடியும் மடிப்புக்குள் சிக்கிக்கொள்ளும். ஆகவே பொறியில் விழுந்தவற்றைப் புற ஊதா விளக்கின் கீழ் பாருங்கள். தலை ஒளிர்ந்தால் விடப்பட்டது. ஒளிராதவற்றைத் தனியே எடுத்து, மலட்டு ஈக்களை விடும் திட்டத்தினரிடம் கொடுங்கள். கவலைப்பட வேண்டியது அவற்றைப் பற்றித்தான். ஆண் ஈக்களை ஈர்க்கும் டிரைமெட்லூர் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி என்றால் பெரும்பாலும் ஆண்களே விழும், எண்ணிக்கை ஏறாவிட்டால்தான் வியப்பு.

குத்துவது பெண் ஈ. மலடானாலும் அது குத்திய வடு அழுகலுக்கு வழி. அதற்குத்தான் மரபியல் தந்திரம்: பரவலாக வளர்க்கப்படும் வகையில் பெண் கருக்கள் மட்டும் வெப்பம் தாங்காதவை. முட்டைகளை 34 டிகிரி செல்சியஸில் சுமார் 24 மணி நேரம் வைத்தால் பெண்கள் மடியும், ஆண்கள் மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது. மலடாக்கும் கதிர்வீச்சு பிறகுதான்.

ஏற்கெனவே இணைசேர்ந்த இயல்பான பெண் ஈக்கள் முட்டையிடத்தான் செய்யும். விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி, பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவையுங்கள்.