புது கம்ப்யூட்டர் எப்போது? பாக்கி நோட்டைக் கேளுங்கள்

கேள்வி: உசிலம்பட்டியில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 2017-ல் வாங்கியது. ஐ3 ஏழாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விண்டோஸ் 10-ம் முடிந்துவிட்டது என்கிறார்கள். மதுரையில் ஒரு கடையில் 68,000 ரூபாய்க்கு ஏஐ லேப்டாப் காட்டினார்கள். மச்சினன் தன் கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுத் தருகிறேன் என்கிறார். வாடகை, கரண்ட் போக மாதம் 28,000 நிற்கும். பேப்பர், டோனருக்கு மாதம் 6,000 ஆகும். அதற்காக மூன்று தண்டல் ஓடுகிறது. ஒவ்வொன்றும் 10,000, கைக்கு வருவது 8,500, தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சொந்தபந்தங்களுக்குப் பத்திரிகை அடித்த பாக்கி 22,000 இருக்கிறது. இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

பதில்: கம்ப்யூட்டரைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். தண்டலுக்கும் பாக்கிக்கும் கடைசியில் ஆளுக்கு ஒரு வரி. நான் கடைசியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு தண்டலில் 8,500 வாங்கி 10,000 கட்டுகிறீர்கள். தினமும் கட்டிக் குறைத்துக்கொண்டே வருவதால், 100 நாளில் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி. 100 நாளைக்கு 35 சதவீதம். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 125-ஐத் தாண்டுகிறது. மூன்று தண்டலுக்கும் சேர்த்து 100 நாளைக்கு 4,500, வருடத்துக்குச் சுமார் 16,400 ரூபாய். தினம் நூறு ரூபாய் என்பதால் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பணம் எதற்குப் போகிறது? பேப்பருக்கு என்கிறீர்கள். பேப்பர் வாங்கக் காசு ஏன் இல்லை? பத்திரிகை அடித்துக்கொண்டு போன பங்காளிகள் தரவில்லை. ஆக, அவர்கள் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகைக்கு நீங்கள் 125 சதவீத வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்புறம் அதே விசேஷத்துக்குப் போய் மொய்யும் எழுதியிருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் மொய்யை நோட்டுப் போட்டு எழுதி, திருப்பிச் செய்யாதவரைப் பெயர் சொல்லிப் பேசுவார்கள். பத்திரிகைக் காசுக்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாதா?

இதன் மேல் இஎம்ஐயை ஏற்றிப் பாருங்கள். தண்டலுக்கு மாதம் 9,000, லேப்டாப்புக்கு 5,667. இரண்டும் சேர்ந்தால் 28,000-ல் பாதிக்கு மேல் போய்விடும். நோ காஸ்ட் என்ற பெயரையும் நம்ப வேண்டாம். வட்டியைத் தள்ளுபடி என்று கழித்துக் காட்டினாலும், வங்கி அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போடும். பெரும்பாலும் பிராசசிங் கட்டணமும் வரும். அதே லேப்டாப்பை ரொக்கத்துக்கு என்ன விலைக்குத் தருவீர்கள் என்று அந்தக் கடையிலேயே கேளுங்கள், விஷயம் விளங்கும். ஒரு மாதம் தவறினால் சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெடுவது மச்சினனுக்கு. வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்கப்போவது நீங்கள்.

ஏஐ லேப்டாப் உங்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஏஐ கருவிகளில் பெரும்பாலானவை இணையம் வழியே எங்கோ ஒரு சர்வரில் ஓடுகின்றன. இருக்கிற கம்ப்யூட்டரின் பிரௌசரே போதும். வாடிக்கையாளர் உங்களிடம் காசு கொடுப்பது தாய்மாமன் பெயரைப் பிழையில்லாமல் அடித்துத் தருவதற்கு.

ஆனால் கம்ப்யூட்டரை மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. கம்ப்யூட்டர் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் அடுத்தவர் ஆதார், பாஸ்புக் எல்லாம் உங்கள் மேஜைக்கு வருகிறது, அப்டேட் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது. விண்டோஸ் 11-க்கு உங்கள் ஏழாம் தலைமுறை பிராசசர் தகுதிப் பட்டியலில் இல்லை.

இப்போதைக்குப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று மட்டும் போடுங்கள். மெமரி விலை ஏறிக்கிடக்கிறது, மூவாயிரம் முன்பின் ஆகலாம். டீ குடிக்கிற நேரம் மிச்சமாகும். பிறகு அதைக் கழற்றி அடுத்த கம்ப்யூட்டரிலும் மாட்டிக்கொள்ளலாம். ஓடுகிற தண்டல்களைச் சீக்கிரம் அடைக்க ஓடாதீர்கள். வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டார்கள், அவசரப்பட்டு லாபமில்லை. முடியட்டும். புதிதாக ஒன்று வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம். தண்டல்காரர் கடைசித் தவணையன்றே அடுத்த பணத்தோடு வந்து நிற்பார்.

அந்த நாளுக்குள் பாக்கியில் பாதியாவது, 11,000, வசூலாகியிருக்க வேண்டும். பேப்பர் வாங்க எப்போதும் கையில் நிற்க வேண்டிய முதல் அதுதான். இனி எந்த உறவாக இருந்தாலும் புரூப் காட்டும்போதே பாதி அட்வான்ஸ். தண்டல் முடிந்தபின் 9,000-ல் பேப்பருக்கு 6,000 போக 3,000 மிஞ்சும். அதைத் தனிக் கணக்கில் போடுங்கள். மீதிப் பாக்கியும் வந்து சேர்ந்தால் தண்டல் முடிந்த மூன்றே மாதத்தில் 20,000 நிற்கும்.

அந்தத் தொகைக்குள், அலுவலகங்களில் கழித்துவிட்ட, எட்டாம் தலைமுறைக்குக் குறையாத சிபியுவாகப் பார்த்து, பில்லும் வாரண்டியும் சேர்த்து வாங்குங்கள். இருக்கிற மானிட்டர், கீபோர்டு போதும். நடுவில் பழையது சுத்தமாகப் படுத்துவிட்டால் வங்கியில் முத்ரா சிசு என்ற, சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன் கேளுங்கள், 50,000 வரை அடமானம் இல்லாமல் தருகிறார்கள். மறுபடி தண்டல் வேண்டாம்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் பத்திரிகை வேலை குறையும், மாற்றிப் பழகத் தோதான மாதம். மார்கழியில் புதுப் பொருளா என்று வீட்டில் முகம் சுளித்தால் கார்த்திகைக் கடைசியில் வாங்கி வைத்துவிடுங்கள். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் பழைய பத்திரிகை பைல் நாலைந்தைப் பென்டிரைவில் எடுத்துப்போய் அங்கேயே திறந்து பாருங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள் சரியாக வராவிட்டால் தை மாத முகூர்த்தத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப டைப் அடிக்க வேண்டியிருக்கும்.